பாக்கியராசா விதைத்த விதம்

கல்முனையில் கடைப்பலகை எழுதிப் பிழைத்த கலந்தருக்குத் தொண்ணூற்றேழில் கொம்பியூட்டர்ப் பைத்தியம் பிடித்தது. நெல் விதைப்பைக் காட்ட ஒரு தொண்டு நிறுவனம் அசையும் படம் கேட்டிருந்தது. கையால் வரைந்து கீறியதுபோலவே இருக்க வேண்டுமாம். கை வீசுமுன் ஒரு படம், வீசியபின் ஒரு படம் கொடுத்தால் நடுவிலுள்ளதைக் கொம்பியூட்டரே நிரப்பும் என்று அவன் படிக்கப்போன கொம்பியூட்டர் வகுப்பில் சொல்லியிருந்தார்கள். நிரப்பத்தான் செய்தது. ஆனால் கை, கதவு திறந்து மூடுவதுபோல ஒரே சீராகப் போய்வந்தது. நெல்லின் பாரம் அதற்கு எப்படித் தெரியும்?

ஆகவே கலந்தர், பாண்டிருப்புக் கூட்டாளி பாக்கியராசாவின் வயல் வரம்பில் மூன்று நாள் குந்தியிருந்தான். பாக்கியராசா விதை எறியுமுன் வலது குதிகால் லேசாக எழும். எறிந்த கை உடனே திரும்பாது, ஒரு கணம் அந்தரத்தில் நிற்கும். நாலு எறிக்கு ஒருதரம், விதைப்பெட்டி பிடித்த கையின் முழங்கையாலேயே அவிழப்போகும் சாரனை இடுப்போடு நெருக்கிக்கொள்வான்.

"இப்பிடிக் கையையே பாத்துக்கிட்டு இருந்தியெண்டா எனக்கு எறிய வெக்கமாக் கிடக்கு மச்சான்," என்றான் பாக்கியராசா.

கலந்தர் நாற்பத்திரண்டு படம் கீறினான். உயிருள்ளதற்கு முகம் கீறுவதில்லை என்பது அவன் சிறுவயதிலிருந்தே கடைப்பிடித்த மார்க்க ஒழுக்கம். தலையில் கட்டிய துவாய்க்குக் கீழே ஒரு வளைந்த கோடு, அவ்வளவுதான். ஒவ்வொன்றாகக் கொம்பியூட்டரில் ஏற்றி ஓடவிட்டபோது திரையில் ஒரு மனிதன் பாரத்தோடு விதைத்தான். கலந்தருக்குச் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை.

அடுத்த கிழமை வயலுக்குப் போன பாக்கியராசா வீடு திரும்பவில்லை. பொலிசிலும் ஆமிக் காம்பிலும் கேட்டபோது கையை விரித்தார்கள். அடையாள அட்டை அவனோடேயே போய்விட்டது. கலியாணப் படம் தொண்ணூறுச் சண்டையில் வீட்டோடு எரிந்திருந்தது.

ஒரு பகல் அவனுடைய பெண்சாதி தங்கேஸ்வரி வகுப்புக்கு வந்தாள். கலந்தரை அவள் அண்ணன் முறைக்கு நானா என்றுதான் கூப்பிடுவாள்.

"நானா, காணாமப் போனாக்களப் பதியிற இடத்தில மூஞ்சி தெரியிற படம் கேக்கிறாங்க. நீங்கதானே அவரைக் கனக்கக் கீறினீங்க."

கலந்தர் படத்தை ஓடவிட்டான்.

"ஓம், இவர்தான்," என்றாள் தங்கேஸ்வரி. "நிப்பாட்டி மூஞ்சியப் பெரிசாக்குங்க."

பெரிதாக்கினான். துவாய்க்குக் கீழே வெறும் வெள்ளை.

அல்லாஹ் பொறுக்கட்டும் என்று பென்சிலை எடுத்தான். அவள் புருவத்தைச் சொன்னாள், மூக்கைச் சொன்னாள். நண்பனின் முகம் அவன் நினைவில் இருந்தது, ஆனால் ஒருநாளும் முகம் கீறிப் பழகாத கைக்கு அது வரவில்லை. ஆறு தாள் கிழிந்தன. ஒவ்வொன்றுக்கும் அவள், "இது அவரில்ல," என்றாள்.

"அந்த ஒபிசில இந்த ஓடுற படத்தையே காட்டினா என்ன நானா? பாத்தா ஆருக்கும் விளங்குமே."

"தாள்ல ஒட்டுற படந்தான் எடுப்பாங்க தங்கச்சி."

தங்கேஸ்வரி கதிரையை இழுத்துத் திரைக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்ப இன்னொருக்கா ஓடவிடுங்க," என்றாள்.