முன்தோலும் முளைத்த பயறும்

கல்யாணமாகி மூன்று வருடம் எனக்குக் குழந்தை இல்லை. தப்பு, தப்பு. என் மனைவிக்குக் குழந்தை இல்லை. எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

உத்திரமேரூர் கடைத்தெருவில் உரக்கடை வைத்திருக்கிறேன். நெல்லுத் தாளைக் கிள்ளிக்கொண்டு வந்து நீட்டினால் போதும், இது குலைநோய், இது இலைச்சுருட்டு என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன். அவ்வளவு பெரிய நிபுணன், தன் முன்தோல் பின்னுக்கு நகராமல் இறுகிக் கிடந்ததை மட்டும் நோய் என்று ஒப்புக்கொள்ளவில்லை. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். எல்லா ஆம்பளைக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். யாரைப் போய்க் கேட்பது? யூரியா மூட்டையை வண்டியில் ஏற்றிவிட்டு, அண்ணே உங்களுக்கு எப்படி என்றா கேட்க முடியும்?

கல்யாணத்துக்கு அப்புறம் தெரிந்துபோயிற்று. நெருங்கினால் உயிர் போகிற வலி. தோல் வெடித்து ரத்தம் கசியும். நாலைந்து முறை முயன்றுவிட்டு வீரத்தோடு பின்வாங்கினேன். பிறகு தினம் ஒரு சாக்கு. லோடு இறக்கினதில் இடுப்புப் பிடிப்பு, மருந்து நெடியில் தலைவலி. அவள் எதுவும் கேட்கவில்லை. அதையும் என் சாமர்த்தியம் என்றே எடுத்துக்கொண்டேன்.

அம்மா சும்மா இருப்பாளா? மருமகளைச் செவ்வாய், வெள்ளி விரதம் இருக்க வைத்தாள். வேப்பங்கொழுந்து அரைத்துக் குடிக்க வைத்தாள். ஸ்கேனுக்குக் கூட்டிப்போனாள். ஒரு குறையும் இல்லை என்று ரிப்போர்ட் வந்ததும், மெஷின் சரியில்லை என்றாள். எதிர்வீட்டு வளைகாப்புக்குத் தெருவையே கூப்பிட்டார்கள், என் மனைவியை மட்டும் கூப்பிடவில்லை. மலடி கை பட்டால் ஆகாதாம். அன்று அவள் கொல்லைப்பக்கம் உட்கார்ந்து அழுததைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, ஆம்பளைச் சிங்கம் கடைக்குக் கிளம்பிப் போயிற்று.

கடைசியாகத் திருப்புட்குழி. அங்கே பெருமாள் கோயிலில் தாயாரை வேண்டிக்கொண்டு, வறுத்த பயறை நனைத்துப் பெண்கள் மடியில் கட்டிக்கொண்டு படுப்பார்கள். விடிந்ததும் அது முளைவிட்டிருந்தால் பிள்ளை நிச்சயம் என்று நம்பிக்கை. அம்மாதான் கட்டிவிட்டாள். காலையில் அவிழ்த்தால், முளைத்திருந்தது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அம்மா வீடு வீடாகப் போய்க் காட்டினாள்.

மத்தியானம் கடைக்குச் சாப்பாடு கொண்டுவந்த மனைவி, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள்.

"வறுத்த பயறே மொளைச்சிக்கீது. எங்கிட்ட கொறை இல்லன்னு தாயாரே சொல்லிட்டாங்க. மிச்சம் யாரு கீறாங்க, நீயே சொல்லு."

மறுநாளே என்னைக் காஞ்சிபுரத்துக்கு பஸ் ஏற்றிவிட்டாள், தானும் ஏறிக்கொண்டாள்.

டாக்டர் அரை நிமிடம்தான் பார்த்தார். முன்தோல் இறுக்கம் என்றார். முதலில் களிம்பு கொடுத்தார். கேட்கவில்லை. வெடித்து வெடித்து ஆறின இடம் தழும்பேறிவிட்டதாம். தோலை எடுத்துவிடலாம் என்றார். சுன்னத்தா, எங்கள் சாமி ஏற்றுக்கொள்ளுமா என்று கேட்டேன். எப்பேர்ப்பட்ட பக்திமான் பாருங்கள், பெண்டாட்டியைக் கோயில் கோயிலாக அனுப்பிவிட்டு ஒரு கோயிலுக்கும் துணைக்குப் போகாதவன். உணர்ச்சி போய்விடுமா என்றும் கேட்டேன்.

"இப்ப உங்களுக்கு என்ன உணர்ச்சி இருக்கு?"

வலிதான் என்றேன். அப்படியென்றால் அதுதான் போகும் என்றார்.

மரத்துப்போக ஊசி போட்டு முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். ஊருக்கு ஹெர்னியா ஆபரேஷன் என்று சொன்னேன். பார்க்க வந்தவர்கள் சாத்துக்குடி கொண்டுவந்தார்கள். லுங்கியை இரண்டு விரலால் முன்னால் தூக்கிப் பிடித்தபடி பத்து நாள் வீட்டுக்குள் நடந்தேன். ஆறு வாரம் விலகி இருக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அந்தக் கலையில் எனக்கு ஏற்கெனவே மூன்று வருட அனுபவம். பிறகு முதல் தடவையாக வலிக்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்று நான் அழுதேன். அவளும்தான். சில மாதத்தில் அவள் முழுகாமல் இருந்தாள்.

எங்கள் வீட்டு வளைகாப்பில், மருமகளின் குறையைத் தாயார் தீர்த்துவைத்த கதையை அம்மா வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். கை நிறைய வளையலோடு மனைவி என்னையே பார்த்தாள். குறை எனக்குத்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பந்தியில் இலை போட ஆள் இல்லை என்று எழுந்து போய்விட்டேன். நாலு பேர் ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அன்று சொல்லாததை இப்போது எழுதி, பெரிய தியாகி மாதிரி மனைவியிடம் நீட்டினேன். நின்றபடியே முழுக்கப் படித்தாள். பிறகு தாள்களை முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டே இருந்தாள். என்ன தேடுகிறாய் என்று கேட்டேன்.

"உன் பேரைத்தான். மலடின்னு என் பேரைச் சொல்லித்தான் ஊரே பேசிச்சு. இதுல உன் பேரு எங்கியுமே இல்லியே."