அந்தப் பக்கம் மழை லீவு

ஐப்பசி பிறந்துவிட்டால் காரைக்காலை ஒட்டிய எங்கள் வரிச்சிக்குடி வீட்டில் நீலகிரித் தைல வாசனைதான்... காயாத யூனிபார்மின் ஈர நாற்றமும் அதோடு சேர்ந்துகொள்ளும்.

அந்த மாதம் முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளாது. மகள் மதி அப்போது எல்கேஜி. சளி பிடித்தால் போதும், மறுநாளே இழுப்பு வந்துவிடும். மழையைவிட, பக்கத்தில் யார் இருமுகிறார்கள் என்பதுதான் என் பயம்.

அன்று அடைமழை. தமிழ்நாட்டுப் பக்கம் எல்லா மாவட்டத்துக்கும் லீவு என்று டிவியில் ஓடியது. நம் காரைக்கால்தான் புதுச்சேரி கணக்கு ஆயிற்றே... இங்கே லீவு இல்லை. வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு, மதியை நானே வீட்டில் நிறுத்திக்கொண்டேன். அப்பாடா என்று டீ போட்டேன்.

வாசலில் ஆட்டோ.

தரங்கம்பாடியிலிருந்து நாத்தனார், மூன்று பிள்ளைகளோடு!

"லீவு வுட்டுட்டாங்க அண்ணி... வீட்டுல அடங்க மாட்டேங்குதுவோ. மதியோட வெளையாடட்டும்னு அழைச்சிட்டு வந்துட்டேன்."

கடைக்குட்டிக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

வந்தவர்களைத் திரும்பிப் போ என்றா சொல்ல முடியும்? சிரித்துக்கொண்டே ஜன்னலைத் திறந்தேன். வீட்டுக்காரர் சாத்தினார். "வாடக்காத்து புள்ளைவொளுக்கு ஆவாதுடி." அவர் அந்தப் பக்கம் போனதும் திறந்தேன். மறுபடி வந்து சாத்தினார். நாலு பிள்ளைகளும் ஒரே போர்வைக்குள் ஒரே கும்மாளம்... நான் மட்டும் அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடையாய் நடந்தேன்.

இரண்டு நாளில் மதிக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. விலா உள்வாங்க மூச்சு இழுத்தது. அவளை மடியில் போட்டுக்கொண்டு வீட்டுக்காரரோடு காரைக்காலுக்குப் பஸ்ஸில் போனேன். அந்த இழுப்புச் சத்தம்... செத்துப் பிழைத்தேன்.

நெபுலைசர் வைத்துவிட்டு டாக்டரம்மா சொன்னார்: "மழையில நனைஞ்சு வந்ததில்லங்க இது. குளிருதுன்னு சன்னல சாத்திக்கிட்டு எல்லாரும் ஒண்ணா அடைஞ்சிருக்கீங்க பாருங்க... ஒரு புள்ளையோட சளி எல்லாத்துக்கும் ஒட்டிக்கிது."

வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். எனக்கு அவர்மேல் வந்த கோபம், மகள் பாலும் ரொட்டியும் கேட்ட பிறகுதான் ஆறியது.

மதிக்கு இழுப்பு எப்போதோ விட்டுப்போயிற்று. இப்போது பெங்களூரில் வேலை. நாத்தனார் பிள்ளைகளும் ஆளுக்கொரு ஊர். மழை லீவு செய்தி மட்டும் ஊருக்கு முன்னால் என் போனுக்கு வந்துவிடுகிறது.

அடைமழை என்றால் இன்றும் என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. அன்றைக்கு, இருமிக்கொண்டு யாரும் வந்துவிடக் கூடாதே என்று நடந்தேன்...

இன்றைக்கு, இருமிக்கொண்டாவது யாராவது வரமாட்டார்களா என்று நடக்கிறேன்.