படத்தில் செத்துப்போன ஜோடி

படப்பிடிப்புக் குழுவில் வேன்காரருக்கு ‘ஆமை’ என்று பெயர். நாற்பதுக்கு மேல் ஸ்பீடாமீட்டர் முள் நகராது. அப்படிப்பட்ட மனுஷன் அவசரப்பட்டது கல்யாணத்தில் மட்டும்தான்.

அவர் கட்டிக்கொண்டவள் சினிமாவுக்கு உடை தைப்பவள். இவருடைய இனமும் வேறு, மதமும் வேறு. தச்சு வேலை செய்யும் அவள் அப்பா, “எனக்குப் பொண்ணே பொறக்கலைன்னு நெனச்சுக்கறேன்” என்றார். அவள் தையல் மிஷினின் தலையை மட்டும் கழற்றி, பச்சைப் போர்வையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு வேனில் ஏறிவிட்டாள். அதோடு பதினோரு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை.

ஒருநாள் வண்டிகள் நகராமல் நின்ற சாலையில், பின்சீட்டில் இருந்த டைரக்டரிடம் இதையெல்லாம் உளறிவைத்தார் வேன்காரர். டைரக்டர் இருவரிடமும் சம்மதம் கேட்டுக்கொண்டு அதையே படமாக்கினார். ஆனால் கடைசியில் காதலர்களைக் கொன்றுவிட்டார்.

“நாங்க குத்துக்கல்லாட்டம் இருக்கோமே சார்!”

“நீங்க உயிரோட இருந்தா யாருப்பா அழுவாங்க?”

மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். “ஃபேன் போடறதா வேணாமான்னு நாம போடற சண்டையை எடுத்திருந்தா நூறு நாள் ஓடியிருக்கும்.”

படம் வந்த நாலாம் நாள் காலையில் யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் தச்சர். அவள் வேலை செய்யும் தையற்கூடத்தில் விசாரித்து வந்திருந்தார். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. மகளை மேலும் கீழும் பார்த்தார்.

“நல்லாத்தான இருக்க?”

“இருக்கேம்ப்பா.”

“பட்டறை ஆளுங்க படத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. பச்சைப் போர்வையப் பாத்ததுமே நீதான்னு புரிஞ்சுபோச்சு. அப்புறம் அந்தப் பொண்ணு பாலத்துலேர்ந்து...”

வேன்காரர் பொத்தானை மாற்றிப் போட்ட சட்டையோடு ஓடிவந்தார். “உள்ள வாங்க மாமா. அது வெறும் படம்.”

“தெரியும் மாப்ள.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. மகள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

உள்ளே வந்தவர் உட்காரவில்லை. தையல் மேஜையை ஒரு விரலால் தள்ளிப் பார்த்தார். அதன் ஒரு காலடியில் காகிதம் மடித்துச் செருகியிருந்தது.

“இவ்வளவு வருஷமும் இப்படி ஆடறதுலயா தச்ச?”

பதிலுக்குக் காத்திராமல் தரையில் குந்தி, காகிதத்தை உருவி எறிந்தார். “மாப்ள, இந்த முனையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க.”

வேன்காரர் பிடித்தார்.