மாப்பிள்ளை ஏறினால் ஜீப் போகும்

அறுபதுகளின் நடுவில் எனக்குப் பெண் பார்க்கச் சிதம்பரம் போனபோது, என் அப்பா பெண்ணைச் சரியாகப் பார்க்கவே இல்லை. பெண்ணின் அப்பாவிடம், "குறிஞ்சிப்பாடி பக்கம் இருக்கிற முந்திரித் தோப்பு ஒங்களுதுதான?" என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார். கல்யாணம் முடிந்த பிறகுதான் எனக்கு விஷயம் விளங்கியது. அந்தத் தோப்புக்குப் பின்னால்தான் எங்கள் சவுக்குக் காடு. ரோட்டிலிருந்து காட்டுக்குப் போக வேறு வழி கிடையாது.

சவுக்கு வெட்டும் பருவத்தில் நின்றது. தை பிறப்பதற்குள் அதை விற்றால்தான் என் தங்கைக்குக் கல்யாணம். பாரம் ஏற்றிய மாட்டு வண்டி அந்த மணலில் அச்சு வரை புதைந்துவிடும். அதற்காகவே அப்பா பட்டாளத்து ஏலத்தில் ஒரு கிழட்டு ஜீப்பை எடுத்து, கடலூரில் எங்கள் வாசலில் நிறுத்தியிருந்தார்.

மாமனார் மசியவில்லை. "மாட்டு வண்டி போவட்டும் சம்மந்தி. ஜீப்பு வேணாம். முந்திரிக் கெள தாழ கெடக்குது, பூரா ஒடிஞ்சி பூடும்" என்றார்.

தலைதீபாவளி வந்தது. மாப்பிள்ளை கேட்டதை இல்லை என்று சொல்ல எந்த மாமனாருக்கும் வாய் வராத நாள். நான் கைக்கடிகாரக் கனவில் இருந்தேன். பஸ் ஏறும்போது அப்பா காதோடு சொன்னார்: "வாட்சு கீட்சுன்னு வாயத் தொறந்த, வீட்டுப் பக்கம் வராத. வழியக் கேளு."

எண்ணெய் தேய்த்துக் குளித்து, புது வேட்டியோடு உட்கார்ந்தேன். சொந்தக்காரர்கள் சூழ்ந்திருக்க, "கூச்சப்படாம கேளுங்க மாப்ள" என்றார் மாமனார்.

"தோப்புக்குள்ள ஜீப் போக வழி வேணும் மாமா."

என் மனைவி முறைத்த முறைப்பில் நெற்றியில் எண்ணெய் மறுபடி வழிந்தது. மாமனார் வசமாக மாட்டிக்கொண்டார். ஆனால் ஆள் லேசுப்பட்டவர் இல்லை.

"சரி, குடுத்தேன். ஆனா வழி ஒங்களுக்குத்தான். நீங்க உக்காந்திருந்தா ஜீப்பு போவும். இல்லன்னா போவாது."

அன்றிலிருந்து என் பாடு திண்டாட்டம். ஒவ்வொரு நடைக்கும் ஆபீசில் லீவு போட்டேன். தாழ்ந்த கிளைகளைத் தூக்கிப் பிடிக்கும் வேலையும் என் தலையில் விழுந்தது. முந்திரி மரத்துச் செவ்வெறும்பு சட்டைக்குள் இறங்கினால் மாப்பிள்ளை என்று பார்ப்பதில்லை.

மார்கழியில் எனக்குக் கடும் காய்ச்சல். காட்டில் பாதிச் சவுக்கு இன்னும் கிடந்தது. "சும்மா உக்காந்தா போதும்டா" என்று அப்பா என்னைக் கம்பளியில் சுற்றி ஜீப்பில் ஏற்றினார். எனக்கு அழுகையே வந்தது.

தோப்பு வாசலில் மாமனார் நின்றிருந்தார். என் நெற்றியைத் தொட்டவர் பதறிப்போய் அப்பா மேல் பாய்ந்தார்.

"ஒங்களுக்குப் புத்தி இருக்கா சம்மந்தி? மாப்ளய மொதல்ல எறக்குங்க! ஜீப்பு போய்த் தொலயட்டும். எப்ப வேணா போவட்டும், யார் வேணா ஓட்டட்டும்!"

காவல் கொட்டகையின் கயிற்றுக் கட்டிலில் என்னைப் படுக்க வைத்தார்கள். நடுங்கிக்கொண்டே அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸானபோதுகூட அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.