கண்டக்டர் அண்ணாச்சியின் கால்

1. சர்க்கரை வியாதி உள்ள, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் இடது பாதத்தில் புண்ணோடு நான் நர்ஸாக இருக்கும் மருத்துவமனைக்கு வந்தார்.

2. வீட்டில் யாரோடு இருக்கிறீர்கள் என்று வழக்கம்போலக் கேட்டேன். மகன் குடும்பத்தோடு என்றார். அதற்குமேல் கேட்க ஒன்றும் இருப்பதாகத் தோன்றவில்லை.

3. காலை ஊன்றாமல் வீட்டில் இருக்கச் சொன்னோம். ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்றினேன்.

4. புண் ஆறவில்லை. இப்படியே போனால் பாதத்தில் பாதியை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொன்னார்.

சங்கரன்கோவிலில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. ராஜபாளையம் ரோட்டில் காலமெல்லாம் விசில் ஊதியவர். டோக்கன் வாங்கிக் கட்டுப்போடும் அறைக்கு வெளியே உட்கார்ந்திருப்பார். தன் முறை வந்ததும் பக்கத்தில் இருப்பவரை உள்ளே அனுப்பிவிடுவார். "நீ போ மக்கா, ஒனக்கு பஸ்ஸு போயிரும். எனக்கென்ன." எப்போதும் கடைசி ஆளாகத்தான் வருவார். நல்ல மனுஷர் என்று நாங்கள் பேசிக்கொள்வோம். தனிமையின் அறிகுறிகளை நர்ஸிங் படிக்கும்போது மனப்பாடம் செய்திருக்கிறேன்: பேச்சு குறையும், முகம் வாடும், உடை கசங்கியிருக்கும். இவர் வழுவழுவென்று சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில், எல்லோரையும் கிண்டலடித்துக்கொண்டிருந்தார்.

ஒரு விடுமுறை நாளில் திருவேங்கடம் போவதற்காகப் பேருந்து நிலையத்துக்குப் போனேன். நல்ல வெயில்.

"வே, அது குருவிகுளம் போவாது, இங்கன வாரும்!"

யாரோ ஒரு பயணியைக் கூப்பிட்ட குரல் கேட்டுத் திரும்பினேன். அவர்தான். முந்தின நாள் நான் போட்ட கட்டு மண்ணும் டீசலுமாகக் கறுத்திருந்தது.

"அண்ணாச்சி, காலு!"

"ஐயையோ, செக்கிங் வந்துட்டா!" என்று சிரித்தார்.

"தெனமும் இங்கனயா வாறீங்க? வீட்ல இருக்கச் சொன்னோம்லா?"

"இருந்து பாத்தேன் சிஸ்டர். மவனும் மருமவளும் வேலைக்குப் போயிட்டா கேரியர்ல சோறு இருக்கும். மவன் வந்ததும் 'மாத்திரை போட்டாச்சா'ம்பான். அம்புட்டுதான் பேச்சு. மறுநாளும் அதையேதான் கேப்பான்." சிரிப்பு போய்விட்டிருந்தது. "இங்கன நின்னா எவனாவது பஸ்ஸு கேப்பான்லா."

காலுக்கு நாங்கள் சொன்ன ஓய்வு, அவருக்கு ஆளில்லாத ஓர் அறையாக இருந்திருக்கிறது. டோக்கனை விட்டுக்கொடுத்து அவர் சம்பாதித்தது, எங்கள் பெஞ்சில் இன்னும் கொஞ்ச நேரம்.

மகனை வரவழைத்துப் பேசினேன். கெட்டவர் இல்லை. "டிவி இருக்கு, போன் இருக்கு, நேரத்துக்குச் சாப்பாடு இருக்கு. இன்னும் என்ன சிஸ்டர் செய்யணும்?" என்று தெரியாமல்தான் கேட்டார்.

"சாயங்காலம் கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காந்து பேசுங்க."

சில நாள் உட்கார்ந்தாராம். இரண்டுபேருக்கும் பேச எதுவும் கிடைக்கவில்லையாம். அண்ணாச்சி மறுபடியும் பேருந்து நிலையத்துக்குப் போனார்.

பாதத்தில் பாதியை எடுத்தார்கள்.

இப்போது புதிதாக வருகிறவர்களிடம், யாரோடு இருக்கிறீர்கள் என்பதோடு நேற்று யாரிடம் பேசினீர்கள் என்றும் கேட்கிறேன். அவருடைய காயம் முழுவதும் ஆறிவிட்டது. கட்டு மாற்ற வர வேண்டியதில்லை. பேருந்து நிலையம்வரை அவரால் நடக்க முடியாது. வீட்டில் இருக்கிறார்.