வலது காலுக்குப் போட்ட தையல்

குத்தூசி தோலுக்குள் இறங்கியது. நூல் பின்னாலேயே வந்தது. மடியில் கிடந்த வலது கால் ஷூ முன்பக்கம் வாயைப் பிளந்திருந்தது. அந்த நூலுக்கு அவள் மெழுகு தேய்க்கவில்லை. வேண்டுமென்றேதான் விட்டாள். மெழுகில்லாத நூல் ஈரத்தில் ஊறினால் சீக்கிரம் இற்றுவிடும். மலைக்கு முன்னால் ஓர் ஓடையை மிதித்துத்தான் கடக்க வேண்டும்.

யாத்திரைப் பாதையில் அன்றைய நடை இருபத்திரண்டு கிலோமீட்டர். எட்டாவது கிலோமீட்டரில் இவளுடைய தகரக் கொட்டகை. இதை விட்டால் மலைக்கு அப்பால் விடுதி வரும்வரை தைத்துக் கொடுக்க ஆளில்லை. நடப்பவர்கள் இவளை ஊசியக்கா என்பார்கள்.

எதிர் பெஞ்சில் ஒரு காலில் வெறும் சாக்ஸோடு உட்கார்ந்திருந்தவரை அவள் பார்த்தவுடனே அடையாளம் கண்டுகொண்டாள். ஷூ கம்பெனியில் அவளுக்கு மேலே இருந்த சூப்பர்வைசர். மெழுகை மிச்சம் பிடித்து, காய்ந்த நூலைத் தைக்கக் கொடுத்தவர். தையல் பிரிந்த சரக்கு திரும்பி வந்தபோது, நாற்பது பேர் முன்னால் அவள் கையைப் பிடித்துத் தூக்கி, "இந்தக் கை போட்ட தையல் அரை நாள் தாங்காது" என்று சொல்லி வெளியே அனுப்பியவர். அதன்பின் எந்தக் கம்பெனியும் அவளைச் சேர்க்கவில்லை. பதினோரு வருடம் ஆயிற்று. அவருக்கு அவள் முகம்கூட நினைவில்லை.

"சீக்கிரம் ஆகட்டும்மா. இருட்டறதுக்குள்ள மலை இறங்கணும்."

"உங்க வாய் நடந்திருந்தா இந்நேரம் இறங்கியிருக்கும்," என்றாள் பக்கத்திலிருந்த அவர் மனைவி.

"உனக்கென்ன தெரியும்? முப்பது வருஷம் தையல் பாத்த கண்ணு இது. கை சரியில்லாதவங்க எத்தனை பேரைத் துரத்தியிருக்கேன். ஒருத்தி இருந்தா, அவ போட்டது அரை நாள்கூடத் தாங்காது."

ஊசி பாதியில் நின்றது. ஓடையில் இது பிரியும். ஆள் நொண்டி நொண்டி மலையேறுவார். ஏறும்போதும் இதையேதான் சொல்லுவார். இந்தத் தடவை அது உண்மையாகவும் இருக்கும்.

கத்தியை எடுத்து, போட்ட தையல் அத்தனையையும் அறுத்தாள்.

"என்னம்மா, மறுபடியும் முதல்லேர்ந்தா?"

"நூல் சரியில்லைங்க."

புது நூலை மெழுகில் மூன்று தரம் இழுத்தாள். ஒவ்வொரு துளையிலும் இரு பக்கமிருந்தும் ஊசி விட்டு, விரல் சிவக்க இறுக்கினாள். அப்போதுதான் அவர் நீட்டியிருந்த இடது கால் கண்ணில் பட்டது. ஷூவின் ஓரத்து நூல் வெளுத்து, பிசிர் கிளம்பியிருந்தது. அதே காய்ந்த நூல்.

"அந்தக் காலையும் காட்டுங்க, பாத்துடறேன்."

"வேணாம். ரெண்டும் எங்க கம்பெனி சரக்கு, நானே பாத்து எடுத்தது. வலது ஏதோ கல்லுல மாட்டிப் பிரிஞ்சிடுச்சு."

"சும்மா பாக்கட்டுமே," என்றாள் மனைவி.

"நீ பேசாம இரு."

ஊசியக்கா இரண்டாம் முறை கேட்கவில்லை. கடைசி முடிச்சைப் போட்டு, நூலை நறுக்கி, ஈரத்துணியால் ஷூவைத் துடைத்தாள். அன்று அவர் தூக்கிக் காட்டிய அதே கையால் அதை நீட்டினாள்.

"இந்தாங்க. நான் தைச்சது அரை நாளுக்கு மேலயே தாங்கும்."