வெறும் வயித்துக் கசாயம்

தொண்ணூத்தெட்டு கார்த்திகையிலதான் என் சம்சாரம் மலைக்கு வந்து சேர்ந்தா. கல்யாணமாகி நாலு வருசம். அதுல ரெண்டு வருசம் நான் சோளக்காட்டுல ஒரு அரசாங்க ஆபீஸ்ல கிளார்க்கா ஒத்தையா கெடந்தேன். மாசத்துக்கு ரெண்டு ஞாயித்துக்கிழமை கீழே எறங்கி மாமியார் ஊட்டுல விருந்தாளி மாதிரி தின்னுட்டு வருவேன். "அந்தக் குளுருல எம்பொண்ணு எப்படி இருப்பா"ன்னு மாமியார் அவளை அங்கேயே வெச்சுக்கிட்டாங்க. சண்டை போட்டுத்தான் கூட்டியாந்தேன்.

வந்த ரெண்டாம் வாரமே ஆரம்பிச்சுது. காலையில எந்திரிச்சதும் குமட்டல். தாளிக்கிற வாசம் வந்தா வெளிய ஓடறா. "ஏனுங்க, ஒரு மாசம் அம்மா ஊட்டுக்குப் போயிட்டு வாரனே"ன்னு மெதுவாக் கேட்டா. இப்ப எறங்கினா மாமியார் மறுபடி அனுப்ப மாட்டாங்க. அவ இங்க தங்கணும்னா அவ வயிறு சரியாகணும். அன்னைக்கிருந்து எனக்கு உக்காந்தா நிக்கத் தோணும், நின்னா நடக்கத் தோணும்.

கீழேயிருந்து வேலைக்கு வந்த எங்க கூட்டத்துக்கு எல்லா நோவுக்கும் ஒரே காரணம்தான்: மலைத்தண்ணி ஒத்துக்கல. முடி கொட்டினா மலைத்தண்ணி. முட்டி வலிச்சா மலைத்தண்ணி. ஆபீஸ்ல விசயத்தைச் சொன்னதும் ஆளாளுக்கு வைத்தியராயிட்டாங்க. "சுக்குக்கு மிஞ்சின மருந்தில்லை"ன்னாரு ஹெட்கிளார்க். டைப்பிஸ்ட் அம்மா ஓமத்தை வறுத்துக் கொதிக்க வைக்கச் சொன்னாங்க. டிரைவர் கற்பூரவல்லித் தழையைப் பொட்டலம் கட்டியே குடுத்துட்டாரு. ஒருத்தர் வாயிலயும் வேற ஒரு யோசனை வரல. என் மண்டையிலயும்தான்.

நான் கசாயம் போட ஆரம்பிச்சேன். விடியறதுக்குள்ள எந்திரிச்சு சுக்கு, மிளகு, திப்பிலி தட்டிப் போட்டு, மூணு டம்ளர் தண்ணி ஒரு டம்ளரா சுண்டற வரைக்கும் அடுப்புகிட்டயே நிப்பேன். மார்கழிக் குளுரு, ஓட்டுக்குள்ள பனி எறங்கும். கருப்பட்டி போட்டா வேகம் கொறஞ்சிரும்னு அதையும் போட மாட்டேன். வெறும் வயித்துல குடிக்கணும்னு கொண்டுபோய் நீட்டுவேன். அவ டம்ளரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டே இருப்பா. "ம், ஆறிப் போகுது"ம்பேன். கண்ணை மூடிக் குடிப்பா. காலி டம்ளரைக் கையில வாங்கினாத்தான் நான் நகருவேன்.

அரை மணியில அத்தனையும் வாந்தி. எனக்குக் கோவம் மண்டைக்கேறும். இத்தனை பாடுபட்டுக் காய்ச்சறேன், ஒரு பொழுது உள்ள நிக்க வேண்டாமா? "அடக்கிப் பழகு"ன்னு கத்திருக்கேன். மறுநாள் மிளகைக் கூடப் போடுவேன். என்ன மனுசன் பாருங்க.

மிளகும் திப்பிலியும் சந்தைக்கிட்ட ரோட்டோரம் கடை போட்டிருந்த ஒரு அம்மாகிட்டத்தான் வாங்குவேன். இதே மலையில குண்டூர் நாடுங்கற பக்கத்து ஊர்க்காரங்க. நாலாவது வாட்டி போனப்ப, "தினமும் குடுக்கறீங்களா? அம்மிணியை ஒருக்கா கூட்டிட்டு வாங்களே சாமி, நான் பாக்கறேன்"னாங்க. "மிளகு கேட்டா மிளகு குடுங்க"ன்னேன். அந்தம்மா மிளகை அளந்து போட்டாங்க.

அடுத்த ஞாயித்துக்கிழமை அவங்களே எங்க ஊட்டுக்கு வந்துட்டாங்க. காலை எட்டு மணி. நான் டம்ளரோட நிக்கறேன், இவ கட்டில்ல உக்காந்திருக்கா. அந்தம்மா இவ மூஞ்சியைப் பார்த்தாங்க, கண் எமையை எறக்கிப் பார்த்தாங்க, என்னவோ காதுல கேட்டாங்க. இவ தலையை ஆட்டினா. அந்தம்மா என் கையிலிருந்த டம்ளரைப் புடுங்கி வாசல்ல ஊத்தினாங்க. "முழுகாம இருக்கற புள்ளைக்கு இப்படியா மிளகும் திப்பிலியும் காய்ச்சி ஊத்துவீங்க? ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு சும்மாவா சொன்னாங்க!"

அவங்க போனதும் நான் இவகிட்டக் கேட்டேன். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும். நாள் தள்ளிப்போச்சு."

கல்யாணமான மறுவருசம் ஒருதடவை தங்குச்சு. தெருவுக்கே சக்கரை குடுத்தோம். நாப்பது நாள்ல இல்லாமப் போச்சு. வாயைத் திறந்து சொன்னதாலதான் கண்ணு பட்டுருச்சுன்னு மாமியார் அழுதாங்க. இந்தவாட்டி மூணு மாசம் முடியாம யாருகிட்டயும், புருசன்கிட்டக்கூட, சொல்றதில்லைன்னு இவ மனசுக்குள்ள முடிவு பண்ணிருக்கா.

"சரி, சொல்ல வேண்டாம். குடிக்காம இருந்திருக்கலாமில்ல? வாழை மரத்துல ஊத்திருக்கலாமில்ல?"

"நீங்கதான் நின்னுட்டே இருந்தீங்களே. வேண்டாம்னா கத்துவீங்க."

நான் அன்னைக்குக் கத்தல. கெடச்ச முதல் பஸ்ஸைப் புடிச்சு நாமக்கல்லுக்குக் கூட்டிட்டு எறங்கினேன். எழுபது வளைவும் எண்ணினேன். ஒவ்வொரு வளைவுலயும் அவ வயித்தைக் கையால புடிச்சா, நான் முன்சீட்டுக் கம்பியைப் புடிச்சேன். என் கையாலயே என் புள்ளையைக் கொன்னுட்டேனோன்னு ஒரே நெனப்பு.

டாக்டரம்மா பார்த்துட்டு, "புள்ளைக்கு ஒண்ணுமில்ல, நல்லா இருக்கு. கசாயத்தை நிறுத்துங்க, அவங்களுக்குப் புடிச்சதைத் திங்க விடுங்க"ன்னாங்க. எனக்குப் போன உசுரு திரும்பி வந்துச்சு. வெளிய வந்து சிரிச்சேன். இவ சிரிக்கல.

"தினமும் குடிக்கறப்ப, 'மன்னிச்சுக்க கண்ணு, மன்னிச்சுக்க'ன்னு உள்ள இருக்கறதுகிட்டச் சொல்லிட்டேதாங்க குடிச்சேன்"னா.

பஸ் ஸ்டாண்டுல அத்தனை சத்தம். எனக்கு அவ சொன்னது மட்டுந்தான் கேட்டுச்சு. நானாவே மாமியார் ஊருக்குப் போற பஸ்ல அவளை ஏத்திவிட்டேன். "எப்ப வருவே?"ன்னு ஜன்னல்கிட்ட நின்னு கேட்டேன். "உங்க கோவம் கொறஞ்சதும் ஒரு கடுதாசி போடுங்க, வாரேன்."

மறுநாளே எழுதலாம்னு உக்காந்தேன். கோவம் கொறஞ்சிருச்சுன்னு எழுதினேன். காலையில பால்காரர்கிட்டக் கத்தினது ஞாபகம் வந்துச்சு. கிழிச்சுட்டேன். பொங்கலுக்கு எழுதிக் கிழிச்சேன், சித்திரையில எழுதிக் கிழிச்சேன். பொண்ணு பொறந்தப்ப போய்ப் பார்த்தேன். அப்பவும் அவ கடுதாசியைப் பத்திக் கேக்கல. மேலே வந்து ஒருநாள் எழுதிப் போட்டுட்டேன்: "கொறஞ்சுதான்னு தெரியல. நீ வந்து பார்த்துச் சொல்லு."

குழந்தைக்கு அஞ்சாம் மாசம் நடக்கையில வந்தா. சோளக்காட்டுல பஸ்ஸை விட்டு எறங்கினதும் ஓடிப்போய்க் குழந்தையை வாங்கினேன். அது என் மூஞ்சியைப் பார்த்து வீல்னு கத்துச்சு.

"அவகிட்டக் கத்தாதீங்க"ன்னா இவ, படபடன்னு.

நான் இன்னும் வாயையே திறக்கல.